வாரம் ஒரு பொட்டலம்

நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஒரு நிறுவனம் சிறப்பாக இயங்க என்னென்ன காரணங்கள் என்பது பாடம். கோலாலம்பூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தலைமை, இலக்கு, கண்காணிப்பு, ஊக்கம் என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு, வட்டங்களை அம்புக்குறிகளால் இணைத்தார். தனியார் கம்பெனிகளிடமிருந்து அரசாங்கம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்றார். கடைசியில் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "அனுபவமுள்ள அம்மா ஒருத்தர் இருக்காங்க, அவங்க ஏதாவது சொல்லட்டும்" என்றார். நான் எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க சொன்னதுதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

என்னோடு வார்டில் வேலை செய்யும் சாந்தி வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, இத்தனை வருஷ சர்வீஸ், ஒரு வார்த்தைகூடப் பேசலையே லா!"

"எனக்குக் கூட்டத்துல பேச வராது, சாந்தி."

"அப்ப எழுதுங்க. சங்க மலருக்கு ஆளே கிடைக்காம அலையறாங்க."

அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையில் நான் படுக்கை விரித்ததையும் தரை துடைத்ததையும் எழுதினால் மலரை யாரும் புரட்டமாட்டார்கள். அதற்கு முன், வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த அவசரகாலத்தில், வேறொரு வேலை பார்த்தேன். அரசாங்கமும் கம்பெனியும் எப்படித் திறமையாக இயங்குகின்றன என்பதை அங்கேதான் என் இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தேன். இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தொட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

நாங்கள் இருந்தது சிரம்பானுக்கும் லுக்குட்டுக்கும் இடையில் உள்ள ஒரு ரப்பர் தோட்டம். ஆபீஸ் தாளில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. எங்களுக்கு அது பாலத்துத் தோட்டம். அவசரகாலம் வந்ததும், சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளையெல்லாம், ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு வாசல். பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்க, போகிறவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது அரிசி, சோறு, சீனி, கருவாடு, மருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. போனால் அது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஆண்களைச் சோதிக்க போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்தவள், கல்யாணம் ஆகாதவள், மரம் வெட்டப் போகாதவள் என்று தேடியதில் நான் அகப்பட்டேன். கூச்ச சுபாவம் உள்ளவளா என்று யாரும் கேட்கவில்லை.

பயிற்சி சிரம்பானில் நடந்தது. ஒரு மலாய் அம்மையார் ஒரு மரநாற்காலிக்குச் சேலை கட்டிவிட்டு, எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். நாற்காலிக்குக் கூச்சம் கிடையாது. அதனால் நான் நன்றாகவே தேறினேன்.

வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை. முன்னால் கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்த திரை. ஒருத்தி திரைக்குள் வந்ததும் முதலில் தலைத்துணியை அவிழ்த்து உதற வேண்டும். பிறகு கொண்டையை அழுத்திப் பார்க்க வேண்டும். சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆண் சட்டையின் பைகள், கைமடிப்பு, பிறகு கொசுவம், இடுப்பு. சுருக்குப்பையில் வெற்றிலையும் பாக்கும் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் பால்வாளியைக் கவிழ்த்து அடியில் தட்ட வேண்டும். சில இடங்களில் வாளிக்கு இரட்டை அடி வைத்திருந்தார்களாம். எங்கள் வாளிகளுக்கு ஓர் அடியே உருப்படியாக இல்லை.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் தொட்டேன். வள்ளியம்மா அக்கா என்றொரு வெட்டுக்காரி. அவள் வாய்க்குத் தோட்டத்தில் எல்லாரும் பயப்படுவார்கள். திரைக்குள்ளிருந்தே வரிசைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "ஏ பாக்கியம், கண்ணைத் தொறந்து தடவு. நீ மூடிக்கிட்டா எனக்குல்ல வெக்கமா இருக்கு!" வெளியே நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. நான் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

எனக்கு இரண்டு எஜமானர்கள். சம்பளம் அரசாங்கத்துடையது. குடியிருந்த லயத்து அறை கம்பெனியுடையது. இரண்டு பேருக்கும் நான் நன்றாக வேலை செய்ய வேண்டும். ஆனால் நன்றாக என்பதற்கு இரண்டு பேரும் வெவ்வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள்.

ரப்பர் பால் விடிகாலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வெட்டிலேயே உறைந்துவிடும். அதனால் தோட்ட மேனேஜரான பெரிய துரை வாசலுக்கு வெளியே ஜீப்பை நிறுத்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் நிதானமாகச் சோதித்தால் தோட்டத்துப் பால் குறையும். அவசரமாகச் சோதித்தால் அரசாங்கத்துக்குப் பிடிபடும் பொருள் குறையும். துரை திரைக்கு அந்தப் பக்கம் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "சீக்கிரம், சீக்கிரம், பால் போச்சு" என்பார். வாசல் காவலுக்கு இருந்த போலீஸ் கோப்ரல் இந்தப் பக்கம் நின்று, "மெதுவா, மெதுவா, நல்லா பாரு" என்பார்.

அந்தக் கோப்ரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாஷிம் என்று பெயர். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் ஊரில், பிறந்து தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான், வள்ளியம்மா அக்கா உட்பட. காலையில் வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மேலதிகாரி வரும் நாளில் மட்டும் தொப்பி தலையிலேயே இருக்கும். அதனால் ஆணியைப் பார்த்தே அன்றைய நிலவரம் எங்களுக்குத் தெரிந்துவிடும். யாரையும் அதட்டமாட்டார். திட்ட வேண்டியிருந்தால் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே அதனிடம் சொல்வார்: "சில ஆளுங்க லேட்டா வர்றாங்க, பார்த்தியா?" என்று. லேட்டாக வந்தவருக்கு அது போதும். சனிக்கிழமைகளில் மட்டும் அவர் முகம் வாடிவிடும். அன்றுதான் சிரம்பானுக்கு வாராந்தர அறிக்கை அனுப்ப வேண்டும்.

பிடிபட்ட பொருள்: இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

உண்மையிலேயே இல்லைதான். பங்கீட்டில் கிடைத்த அரிசி வீட்டுக்கே காணாது. கடையில் பால் டின்னைக்கூடச் சேமித்து வைக்க முடியாதபடி துளை போட்டுத்தான் கொடுத்தார்கள். இதில் காட்டுக்கு அனுப்ப எங்கே போவது? ஆனால் சிரம்பான் ஆபீஸ் அப்படி நினைக்கவில்லை. மற்றத் தோட்டங்களில் பிடிபடுகிறது, உங்கள் தோட்டத்தில் மட்டும் ஏன் இல்லை, சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டு எழுதினார்கள். இப்படியே போனால் கோப்ரலைக் காட்டோரக் காவலுக்கு மாற்ற வேண்டி வரும் என்றும் எழுதினார்கள். அவருக்கு வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள்.

"ஆலாமாக், இல்லாததை எங்கேருந்து பிடிக்கிறது, தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். நான் காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றேன். வரிசையில் முதலில் நின்ற வள்ளியம்மா அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்ன கோப்ரலு, ஏதாச்சும் பிடிபடணும், அம்புட்டுத்தானே?"

"கொஞ்சமா. ஒரு கை அளவு. அதுக்கு மேல போனா கைது பண்ணணும். அதுக்குள்ள இருந்தா, எச்சரிக்கை பண்ணி விட்டுடலாம்."

"ஒரே ஆளு ரெண்டு தடவை பிடிபட்டா?"

"அப்பவும் கைதுதான்."

"அப்ப வாரத்துக்கு ஒருத்தியா முறை வச்சுக்குவோம். கோயில் பூசைக்கு வைக்கலையா? முதல் லயத்துலேருந்து ஆரம்பிப்போம். நாளைக்கு நான் ஒரு பொட்டலம் சீனி கொண்டாறேன். நீ பிடி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏ பாக்கியம், தலைத்துணி மடிப்புல வச்சிருப்பேன். அங்க இங்கன்னு தேடி நேரத்தைக் கடத்தாத."

அடுத்த நாள் தலைத்துணி மடிப்பில் சீனி இருந்தது. நான் பிடித்தேன். கோப்ரல் எச்சரித்தார். அவர் எச்சரித்து முடிக்கும் வரை வள்ளியம்மா அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வாழ்க்கையில் அவள் தலை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு எங்கள் வாசல் நன்றாக ஓடியது. என்ன பிடிபடும், யாரிடம் பிடிபடும், எந்த மடிப்பில் பிடிபடும் என்று முன்பே தெரிந்துவிட்டதால் மற்றவர்களை நான் அதிகம் தொட வேண்டியிருக்கவில்லை. வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பெண்கள் இருட்டு விலகுவதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பால் கூடியது. கம்பெனித் தலைமையகம் துரையைப் பாராட்டியது. பிடிபட்ட பொருள் வாரந்தவறாமல் இருந்ததால் சிரம்பான் ஆபீஸ் கோப்ரலைப் பாராட்டியது. எனக்கு இரண்டு எஜமானர்களும் ஒரே சமயத்தில் திருப்தியாக இருந்த காலம் அதுதான். மருத்துவமனையில்கூட அப்படி ஒரு காலம் வாய்க்கவில்லை.

மற்றத் தோட்டங்களிலிருந்து எங்கள் வாசலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். நின்று பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள். எங்கள் வெற்றிக்குக் காரணம் மாவுச்சாக்குத் திரை என்று முடிவு செய்தார்கள் போலிருக்கிறது. சில மாதங்களில் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலெல்லாம் மாவுச்சாக்குத் திரை வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரு விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. கொடுப்பது எங்கள் சனம்.

நம்மவர்களுக்குக் கொடுப்பது என்று வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததைவிடக் குறைத்துக் கொடுக்க மனம் வராது. சடங்கு வீட்டுக்கு ஒருத்தி ஒரு தட்டு எடுத்துப் போனால் அடுத்தவள் இரண்டு தட்டு எடுத்துப் போவாள். இங்கேயும் அதுதான் நடந்தது. வள்ளியம்மா அக்கா கொடுத்தது கிள்ளுச் சீனி. அடுத்த வாரக்காரி சீனியோடு ஒரு துண்டு கருவாடு சேர்த்தாள். அதற்கடுத்தவள், வெறும் கருவாட்டை எப்படிக் கொடுப்பது என்று வெற்றிலை வைத்தாள். ஒருத்தி எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். பிடிபடப் போகும் பொருளைப் பற்றி லயத்தில் பேச்சு நடந்தது. "ரெண்டாம் லயத்துல அவ கஞ்சத்தனமா ஒரு மிளகாயைக் கொடுத்து ஏமாத்திட்டாளாம், கோப்ரலு மொகமே சுண்டிப்போச்சாம்" என்று குழாயடியில் சிரித்தார்கள். அந்த மிளகாய்க்காரி பல நாள் குழாயடிக்கே வரவில்லை.

கோப்ரல் அறிக்கையில் எல்லாவற்றையும் அப்படியே எழுதி அனுப்பினார். சிரம்பானில் அதைப் படித்தவர்கள், பிடிபடுவது வாரத்துக்கு வாரம் கூடுகிறதே, பிடிபட்டதே இவ்வளவு என்றால் பிடிபடாமல் போவது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். படித்தவர்கள் போட வேண்டிய சரியான கணக்குத்தான் அது. அவர்களுடைய வரைபடத்தில் எங்கள் தோட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வாசலுக்குப் போனபோது ஆணியில் தொப்பி இல்லை.

கோப்ரல் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சிரம்பான் உணவுக் கட்டுப்பாட்டு ஆபீசின் வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குப் பின்னால் தலைமை எழுத்தர் செல்வதுரை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, கக்கத்தில் குடை. எனக்குப் பயிற்சி கொடுத்த மலாய் அம்மையாரும் வந்திருந்தார். அவர் நேராகத் திரைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அந்த வாரம் அஞ்சலையின் முறை.

அஞ்சலை கடைசி லயத்தில் இருந்தவள். அந்த லயத்துக்கு முறை வருவது அதுதான் முதல் தடவை. பேசவே மாட்டாள், என்னைப் போல. புருஷன் மாரி பால் ஸ்டோரில் வேலை செய்தான். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்ட வருவாள். பிள்ளை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது, இன்னும் தாய்ப்பால்தான்.

திரைக்குள் வந்தாள். தலைத்துணி மடிப்பு தட்டையாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மறந்துவிட்டாள், நல்ல காலம் என்று நினைத்தேன். அப்போது அவள் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, கோயிலில் தட்டு நீட்டுவதுபோல என் முன்னால் நீட்டினாள். உள்ளே மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியில் ஒரு முடிச்சு. முடிச்சின் மேல் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு.

"எங்க லயத்துக்கு மொத முறை, அக்கா" என்றாள் மெதுவாக. "கொறைச்சலா இருந்துடக் கூடாதுன்னு..."

நான் வாளியை வாங்கவில்லை. மலாய் அம்மையார் வாங்கினார். முடிச்சை அவிழ்த்தார். ஒரு பால் டின் நிறைய அளந்து கட்டிய பச்சரிசி. என் ஒரு கைக்கு அடங்காது. இரண்டு கைக்கும் அடங்காது. அம்மையாருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. என் முதுகில் தட்டிக்கொடுத்து, திரையை விலக்கிக்கொண்டு, வாளியைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே போனார்.

அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்ரல் எச்சரிப்பதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு காத்து நின்றாள். அவளை லாரியில் ஏற்றினார்கள். லாரி நகர்ந்த பிறகுதான், "என் புள்ள, என் புள்ள" என்று சத்தம் வந்தது. வள்ளியம்மா அக்கா வேலி வரைக்கும் ஓடினாள். "அடப்பாவி கோப்ரலு, சொல்லுடா, வாயைத் தொறந்து சொல்லுடா!" என்று கத்தினாள். கோப்ரல் துப்பாக்கியைத் துடைக்கவும் இல்லை, அதனிடம் பேசவும் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி அவரோடு கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அரிசியோடு பிடிபட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். விசாரணை என்று பெயருக்கு நடக்கும். பிறகு தடுப்பு முகாம். அதன் பிறகு இந்தியாவுக்குக் கப்பல். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தை அப்படித்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் நானும் கோப்ரலும் சிரம்பானுக்குப் பஸ் ஏறினோம். நான் வருகிறேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. செல்வதுரை ஐயா எங்களை உட்கார வைத்தார். நான் அவர் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டே, முறை வைத்ததிலிருந்து வெற்றிலை வைத்தது வரைக்கும் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நீர் சொல்லுறது உண்மையெண்டு எனக்கு விளங்குது. ஆனா உண்மையா இருக்க ஏலாது."

எனக்குப் புரியவில்லை.

"அந்தச் சீனி, கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்த வருசத்து அறிக்கை எழுதினது. நான்தான் எழுதினது. அது கோலாலம்பூருக்குப் போய், லண்டனுக்கும் போயிட்டுது. அங்கை வாசிச்சுப்போட்டு நல்லது எண்டு கடிதமும் வந்திட்டுது. இப்ப நான் போய், துரை, அந்தச் சாமான் எல்லாம் பெண்டுகள் சீர் குடுத்தது எண்டு சொல்லுறதோ?"

"ஐயா, அவளைக் கப்பல்ல ஏத்திடுவாங்க" என்றேன். "அவ இந்தியாவைப் பார்த்ததே இல்லைங்க. இங்க பொறந்தவ."

"தகப்பன் பிறந்த ஊருக்கு அனுப்புவினம்."

"கைப்புள்ள இருக்குங்க."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு கோப்ரலைப் பார்த்து, "நீர் இதை வேறை ஆருக்கும் சொல்லாதையும். சொன்னால் உமக்கும் முகாம்தான். அவவுக்கு அதாலை ஒரு பிரயோசனமும் இல்லை" என்றார். எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனிதர். சீனி போட்ட தேநீர். கோப்ரல் அதைக் குடிக்கவில்லை.

துரையும் சும்மா இருக்கவில்லை. நல்ல வெட்டுக்காரி ஒருத்தியை இழக்க அவருக்கு விருப்பமில்லை. அதிகாரிக்கு எழுதினார். பாதுகாப்பு விஷயத்தில் வியாபாரம் தலையிடக் கூடாது என்று பதில் வந்தது.

முறை நின்றுவிட்டது. இனி யார் கொண்டுவருவார்கள்? மறுபடி, பிடிபட்ட பொருள்: இல்லை. கோப்ரல் அதை எழுதும்போது இப்போது முகம்கூட வாடவில்லை. நான் பழையபடி எல்லாரையும் முழுதாகச் சோதித்தேன். யாரும் கேலி பேசவில்லை. அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளை வள்ளியம்மா அக்காவிடம் இருந்தது. முதல் சில நாள் தொண்டை வற்ற அழுதது. துளை போட்ட டின் பாலைக் கரைத்துச் சங்கில் ஊற்றினாள், துப்பியது. பிறகு குடிக்கத் தொடங்கியது. பிறகு அவளைப் பார்த்தால் சிரிக்கத் தொடங்கியது. அவள் மரம் வெட்டப் போகும்போது ஆயாக் கொட்டகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அழுதது. மாரி சாயங்காலம் வந்து எட்டி நின்று பார்த்துவிட்டுப் போவான். வாரங்கள் போய் மாதமாயிற்று. அதற்கு மேலும் போயிற்று.

இப்படி இருக்கையில் அரசாங்கம் தன் கணக்கை மாற்றியது. எந்த வட்டாரத்தில் கம்யூனிஸ்டுகளின் தொல்லை இல்லையோ அதை வெள்ளைப் பிரதேசம் என்று அறிவிப்பார்களாம். அங்கே ஊரடங்கு இல்லை, உணவுக் கட்டுப்பாடு இல்லை. தன் வட்டாரத்தை வெள்ளையாக்கிக் காட்டும் அதிகாரிக்குப் பெயரும் பதவியும் உண்டு. சிரம்பான் ஆபீசில் எல்லாரும் ஒரே நாளில் வெள்ளையை விரும்ப ஆரம்பித்தார்கள். கோப்ரலுக்குக் கடிதம் வந்தது. உங்கள் வாசலில் சென்ற மாதங்களில் எதற்காக அவ்வளவு பொருள் பிடிபட்டது, இப்போது இல்லை என்று வருவதுதான் திருப்தியளிக்கிறது, இதையே தொடரவும் என்று. கோப்ரல் அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

விசாரணைக்காகக் காத்திருந்த அஞ்சலை இப்போது ஆபீசுக்கு ஒரு கறை. கப்பலில் ஏற்றினால் அது ஒரு வழக்காகப் பதிவாகும். பதிவானால் வட்டாரம் வெள்ளையாகாது. குற்றமில்லை என்று விட்டாலோ, ஏன் பிடித்தீர்கள் என்ற கேள்வி வரும். செல்வதுரை ஐயாவே ஒரு நாள் பகலில் ஆபீஸ் காரில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். அவள் கையில் பால்வெட்டும் கத்தி இருந்தது. வாளி இல்லை.

"ஐயா, கேஸ் என்னாச்சு?" என்று கோப்ரல் கேட்டார்.

"எந்தக் கேஸ்?" என்றார் ஐயா. "அப்பிடியொரு கைது நடக்கயில்லை." என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு காருக்குப் போனார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அவள் திரும்பி வந்ததோடு விஷயம் முடியவில்லை. தோட்டத்து ஆபீசில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி ஐயா அவளை நிறுத்தி வைத்தார். மோசமான ஆள் அல்ல, எல்லாவற்றையும் விதிப்படி செய்கிறவர். காரணமில்லாமல் நீண்ட நாள் வேலைக்கு வராதவர்களின் பெயரை அடித்துவிட்டு, நிரையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நிரை என்றால் ஒரு வெட்டுக்காரிக்கென்று ஒதுக்கிய மரவரிசை. அது போனால் அவளுக்குப் பிழைப்பும் போயிற்று.

"இத்தனை நாளா எங்கம்மா போயிருந்தே?"

"போலீஸு பிடிச்சுக்கிட்டுப் போச்சுங்க."

"சிரம்பான்ல கேட்டுட்டேன். அப்படி யாரையும் பிடிக்கலைன்னு சொல்றாங்க."

அஞ்சலை சற்று யோசித்தாள். "அப்ப நான் எங்க இருந்தேன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

கிராணி ஐயா துரையிடம் போனார். துரைக்கு வெட்டுக்காரி வேண்டும், விதியும் இருக்க வேண்டும். நோய் என்று எழுதலாம் என்றால் சிரம்பான் ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். சொந்த வேலை என்று எழுதலாம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல், தோட்டத்து மருத்துவச்சியின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக் கொடுக்கக்கூடிய நீண்ட விடுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரசவ விடுப்பு. அதை எழுதிவிட்டார்கள். அஞ்சலை இத்தனை வாரமும் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தாள் என்று முடிவாயிற்று. மருத்துவச்சி ஆமாம் என்றாள். துரை ஒப்புக்கொண்டார், அரசாங்கமும் கம்பெனியும் ஒப்புக்கொண்டன. நிரை அவளுக்கே திரும்பக் கிடைத்தது.

செய்தி லயங்களில் பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் அவள் ஆயாக் கொட்டகைக்கு வந்தபோது பெண்கள் கூடிவிட்டார்கள். நானும் ஓரமாக நின்றேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் யாரோ சிரித்தார்கள்.

"ஏண்டி அஞ்சலை, ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

"சீர் செய்யணுமே, சொல்லு தாயி!"

அவள் பிள்ளைக்குக் கையை நீட்டினாள். வள்ளியம்மா அக்காவின் இடுப்பில் இருந்த அது, அவளை ஒரு தடவை உற்றுப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வள்ளியம்மா அக்காவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. அவள் இன்னும் நெருங்கினாள். அது வீறிட்டது. அவள் கையை மடக்கி, மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். அங்கே பால் வற்றி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சிரிப்பு நின்றுபோன பிறகும் விஷயம் தெரியாமல் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: "எங்கடி புதுப் புள்ள? காட்டு, பார்ப்போம்."

அஞ்சலை தன் பிள்ளையின் முதுகைக் காட்டினாள்.

"இதுதான்" என்றாள். "இனிமேத்தான் பெத்துக்கணும்."